கழுவிவிட்ட வீடு

சரக்குக் கப்பல் 'தாழை'
விழிப்புக் காவலர் குறிப்பு
முதல் காவல்: குழல்வாய்மொழி

பயண நாள் 1081 | காலை 06:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு சரி. சனிக்கோளின் நிலவுக்குப் போகும் விதைப்பெட்டிகள் குளிர்நிலையில் பத்திரம். உறங்கும் ஆள் ஒருவர். விழித்திருக்கும் ஆள் ஒருவர், அது நான். குறை சொல்ல வேறு ஆள் இல்லாததால் குறை எதுவும் இல்லை.

பின்னால் இதை எடுத்துப் படிப்பவருக்காக ஒரு விளக்கம். இந்தக் கப்பலில் இரண்டே பேர். காற்றும் சோறும் ஒருவருக்குத்தான் காணும் என்பதால் பயணத்தின் முதல் பாதி நான் விழித்திருக்கிறேன். மறுபாதி தாணுமூர்த்தி. நடுவில் காவல் மாறும்போது பதினைந்து நாள் மட்டும் இருவரும் சேர்ந்து விழித்திருக்கலாம், அதற்கு மேல் காற்று தாங்காது.

தாணு என் கணவர். கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் பாதியை மனிதர் தூங்கியே கழித்துவிட்டார். ஊரில் பல பெண்கள் இதையே சொல்வார்கள், ஆனால் நான் சொல்வது உறக்கக்கூட்டின் பதிவுப்படி. இன்னும் ஒரு வாரத்தில் அவரை எழுப்ப வேண்டும். காலையிலிருந்து மூன்று தடவை முகம் கழுவிவிட்டேன்.

பயண நாள் 1085 | காலை 09:40

மூக்குப்பெட்டி சோதனை முடிந்தது. அதன் அலுவல் பெயர் ரயில்வண்டி நீளம். மூக்குப்பெட்டி என்பது நான் வைத்த பெயர். உள்ளே நூற்றுச் சொச்சம் வாசனைச் சாறுகள் குப்பிகளில் இருக்கின்றன. கேட்டதைக் கலந்து காற்றில் விடும்.

நீண்ட உறக்கம் உடம்பைக் காப்பாற்றும், நினைவைக் காப்பாற்றாது. எழுந்தவருக்குக் கைவேலை மறப்பதில்லை. கப்பலை ஓட்டத் தெரியும், பூட்டுகளின் எண் தெரியும். தான் யார், தன் மனிதர்கள் யார் என்பதுதான் கலைந்துபோகும். அதைச் சேர்த்துக்கட்ட மூக்கு ஒன்றுதான் வழி. கண்ணும் காதும் மூளைக்குச் செய்தி அனுப்ப நடுவில் தரகர் உண்டு. மூக்குக்குத் தரகர் கிடையாது. வாசனை நேரே நினைவு இருக்கும் அறைக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்துவிடும்.

எழும்போது முதல் மூச்சில் எந்த வாசனை உள்ளே போகிறதோ, அந்த வாசனைக்குரிய நாளில்தான் ஆள் கண் விழிப்பார். மற்ற ஞாபகமெல்லாம் அந்த நாளைச் சுற்றித்தான் ஊறி வரும். அதனால்தான் நாங்கள் புறப்படும் முன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, வீட்டுக் காற்றைக் குப்பியில் இழுத்து, என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பதிவு செய்து, அதற்கு வேண்டிய சாறுகளைத் தனியாக முத்திரையிட்டு வைத்தார்கள். எங்கள் இருவருக்கும் வீடு ஒன்று, ஆகவே பதிவும் ஒன்று. அப்போது நாங்கள் நோய் தொற்றாதபடி ஏவுதள விடுதியில் தனித்து வைக்கப்பட்டிருந்தோம். பதிவை முன்கூட்டித் திறந்து முகரக் கூடாது என்பது விதி. முகர்ந்து பழகினால் அது வீட்டு வாசனையாக இராது, கப்பல் வாசனையாகிவிடும்.

மற்ற சாறுகளைப் பயன்படுத்தத் தடையில்லை. முதல் வருஷம் தினம் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். மல்லிகை, சந்தனம், மழை பெய்த மண், காப்பிக்கொட்டை. வாசனை மட்டும் வந்து காப்பி வராவிட்டால் ஒரு மனுஷிக்கு எவ்வளவு கோபம் வரும் என்று இதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. சாறுகளைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவரும் குடித்தனம் நடத்தியதில்லை என்று நினைக்கிறேன். எல்லாமே நல்ல வாசனை. எந்த வீடு அப்படி மணக்கும்?

எங்கள் வீடு நாகர்கோவிலுக்குத் தெற்கே, தேங்காய் மட்டை ஊறப்போடும் குளத்துக்கு நேர் பின்பக்கம். வாடகை மலிவு. மூக்குள்ள எவரும் வரமாட்டார்கள் என்பதுதான் காரணம். தெற்குக் காற்று அடித்தால் அழுகிய மட்டை நாற்றம் அடுப்படி வரை வரும். நான் சன்னலை அடைப்பேன், தாணு திறப்பார். புதுசாகக் கல்யாணமான இருவரும் சண்டை போட்டது அந்தச் சன்னலுக்காக மட்டும்தான். அந்த நாற்றத்துக்காக இப்போது நாக்கில் நீர் ஊறுகிறது என்று சொன்னால் மதினிமார் சிரிப்பார்கள்.

பயண நாள் 1088 | காலை 07:02

எழுப்பும் நடைமுறை தொடங்கியது. உடல் வெப்பம் ஏறுகிறது. கூட்டின் மூடி திறந்தது. மூக்குப்பெட்டி வீட்டுப் பதிவை விடுகிறது.

அதே நாள் | காலை 07:30

முதலில் வந்தது பினாயில். அதன் பின்னால் ஊதுபத்தி. அடியில் பன்னீர். குளத்து நாற்றம் துளிகூட இல்லை.

இது எங்கள் வீடுதான். ஆனால் எங்கள் வீடு இப்படி மணந்தது ஒரே ஒரு நாள். தாணுவின் அம்மா இறந்த அன்று. முன்னறையில் குளிர்பெட்டி, தலைமாட்டில் கட்டுக் கட்டாக ஊதுபத்தி, வருகிறவர்கள் மேலெல்லாம் தெறித்த பன்னீர், உடலை எடுத்தபிறகு வீடு முழுக்க ஊற்றிக் கழுவிய பினாயில். அதே கலவை. கையை நீட்டி மூக்குப்பெட்டியை நிறுத்தினேன். அதற்குள் அவர் மூச்சு இழுத்துவிட்டார்.

கண் திறந்தார். என்னைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்வதுபோல மடியைத் தடவிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"எத்தன மணிக்கு எடுக்காவ?"

பயண நாள் 1089 | மாலை 17:15

தாணுவின் உடல்நிலை நன்று. கட்டுப்பாட்டுப் பலகையில் உட்கார்த்தினேன். ஒரு தவறு இல்லாமல் போக்கைக் கணித்தார். ஆனால் மெதுவாக, சத்தமில்லாமல், சாவு வீட்டில் பந்தல் வேலை பார்ப்பவரைப்போல வேலை செய்கிறார். என்னை 'நீங்க' என்கிறார். எங்கிருந்து வந்திருக்கிறேன், சாப்பிட்டேனா என்று விசாரித்தார்.

யார் இறந்தது என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. அம்மாவாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். ஆனால் அம்மா இறந்து காரியம் செய்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, ஆகவே இது வேறு சாவு. நாள் முழுக்கக் கப்பலின் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டில் இருக்க வேண்டிய ஒருத்தியைக் காணவில்லை. குழலைக் காணவில்லை. மனிதர் கூட்டிக் கழித்து அந்த முடிவுக்கு வந்துவிட்டார்.

நான் எதிரே நிற்கிறேன். மூன்று வருஷத்தில் பதினாறு கிலோ இளைத்திருக்கிறேன். முடி வடிகட்டியில் சிக்குகிறது என்று மொட்டையடித்துக்கொண்டிருக்கிறேன். முகங்கள்தான் கடைசியில் திரும்பும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம்தான் வந்தது. யார் வீட்டில் யார் பினாயில் ஊற்றியது?

தரைநிலையத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பதில் வர இன்னொரு பங்கு.

பயண நாள் 1090 | காலை 08:20

சொல்லிவிட்டேன். நான்தான் குழல், சாகவில்லை, உங்கள் எதிரில் நிற்கிறேன் என்றேன். கல்யாணப் புடவையின் நிறம் சொன்னேன், சன்னல் சண்டையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். தணிந்தது.

"அப்பிடிச் சொல்லாதீங்க. செத்தவ பேர வச்சு வெளயாடப்பிடாது."

பிறகு எங்கள் படத்தைக் காட்டினேன். கன்னியாகுமரியில் எடுத்தது, எனக்கு இடுப்பு வரை முடி. அதைப் பார்த்தவுடன் அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது, படத்தில் இருப்பவளை. அதை என் கையிலிருந்து வாங்கி, தன்னை வெட்டிவிட்டு என்னை மட்டும் பெரிதாக அச்செடுத்து, முன்கூடத்துச் சுவரில் மாட்டினார். கருவிப்பலகையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் விளக்கைக் கழற்றி அதன் கீழே வைத்தார். வடிகட்டி நூலைத் திரித்து மாலை கட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பயண நாள் 1091 | நண்பகல் 12:05 | உள்வரும் செய்திகள்

முதலாவது, வாசனைப் பிரிவிலிருந்து ஜமால் மைதீன். காயல்பட்டினத்துக்காரர், நல்ல பிள்ளை, மூன்று வருஷமாக என் புலம்பலைக் கேட்டவர்.

"குழல் மேடம், மன்னிச்சிருங்க. அவரோட முதல் மூச்சு முடிஞ்சிருச்சு, இனி அத மாத்த முடியாது. நீங்க இறந்துட்டீங்கன்னு அவரு நம்புறாருல்ல, அந்த நம்பிக்கைய புடிச்சுக்கிட்டுதான் மத்த ஞாபகம் எல்லாம் நிக்குது. அதப் புடுங்கிராதீங்க. அந்தப் பதிவையும் அழிச்சிராதீங்க, வாரத்துக்கு ஒருக்காவாவது அவருக்கு அந்த வாசன கிடைக்கணும். இல்லன்னா அவரு யாருங்கிறதே அவருக்கு நழுவிரும்."

நம் ஊரில் இது புதிதில்லையாம். வாசனை எடுக்க ஆள் வருகிறார் என்றால் வீடு வீடாகக் கழுவிப் பத்தி கொளுத்தி வைத்திருக்கிறார்கள். முன்னால் போன ஒரு கப்பலில் ஒருவர் தீபாவளி நாளில் கண் விழித்து, எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி அடம்பிடித்தாராம். அவருக்கு அதிர்ஷ்டம்.

இரண்டாவது, தாணுவின் அக்கா பகவதி, எனக்கு மைனி. குரல் நடுங்குகிறது, வயதாகிவிட்டது.

"ஏட்டி குழலு, மைனி பேசுகேன். வாடை எடுக்க ஆளு வருகுன்னு முந்துன நாளுதான் சொன்னாவ. வெளியாளு வாற வீடு அப்பிடியா கெடக்கும்? ஒரே கொளத்து நாத்தம், எனக்குக் கொறச்சலா இருந்து. தறையெல்லாம் பினாயில் ஊத்திக் கழுவுனேன். அம்மைக்கு வாங்குனதுல பத்தியும் பன்னீரும் மிச்சம் இருந்து, களையாண்டாமேன்னு அதயும் எடுத்தேன். நல்லதுக்குத்தான மக்ளே செஞ்சேன். நாறுக வீட்டயா ஆகாசத்துக்கு அனுப்புவாவ?"

மைனியைத் திட்ட வாய் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் சன்னலை அடைத்துவிட்டு ஒரு பத்தியாவது கொளுத்தியிருப்பேன். நம் சனத்துக்கு விருந்தாளி மூக்குச் சுளித்தால் உயிர் போய்விடும்.

பயண நாள் 1092 | காலை 10:00

நிலைமையை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அவரை உடனே மறுபடி உறங்கவைத்து, வேறு வாசனையில் எழுப்ப முடியாது. எழுந்தவர் ஒரு வருஷமாவது விழித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதயம் நின்றுவிடும். இருவரும் விழித்திருக்கவும் முடியாது, காற்று தாங்காது. ஆகவே நான் உறங்கத்தான் வேண்டும். போய்ச் சேரும்போது அவர்தான் என்னை எழுப்ப வேண்டும். எனக்கும் அதே பதிவுதான்.

நான் ஒழுங்காக எழுந்துவிட்டால் போதும். அந்த நிலவில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவரை அங்கே உறங்கவைத்து, சரியான வாசனையில் எழுப்பலாம். எது சரியான வாசனை என்று சொல்ல நான் இருக்க வேண்டும். இருவரில் ஒருவருக்காவது வீடு ஞாபகம் இருந்தால்தான் இருவரும் வீடு திரும்புவோம். முடிவு இதுதான்: என் முதல் மூச்சுக்கு எங்கள் வீட்டு நாற்றத்தை நானே காய்ச்சப்போகிறேன்.

பயண நாள் 1095 | மாலை 16:45

மூக்குப்பெட்டியில் நாறுவது எதுவும் இல்லை. எல்லாம் பன்னீர்ப் பரம்பரை. ஆகவே கைவைத்தியம்.

விதைப்பெட்டிகளின் அடியில் மெத்தையாகப் போட்டிருப்பது தென்னை நார்க்கழிவு. விதியை மீறி ஒரு பெட்டியைப் பிரித்தேன். அந்த வெண்டைவிதைகள் என்னை மன்னிக்கட்டும். நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காற்றுப் புகாமல் மூடி, எந்திரச் சூட்டில் வைத்தேன். முட்டைப்பொடியைக் கரைத்துக் கெடவிட்டேன். ஈரத்துண்டைப் பிழியாமல் சுருட்டி வைத்தேன், அது தாணுவின் துண்டு, இந்த ஒரு விஷயத்தில் மனிதர் மாறவே இல்லை. பால்பொடியைத் தட்டில் தீயவிட்டேன். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழியாத நாள் கிடையாது.

மூன்று வருஷமாகச் சுத்தம் செய்து வைத்த கப்பலை மூன்று நாளில் நாறடித்துவிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்து வெகுநாள் ஆகிறது.

தாணு வந்து எட்டிப் பார்த்தார். துக்கத்துக்கு வந்த பெண் இப்படி எதையோ போட்டு ஊறவைக்கிறாளே என்று நினைத்திருப்பார். போகிற வழியில் படத்துக்கு எதிரே நின்று விளக்கைத் துடைத்தார். தினமும் துடைக்கிறார்.

பயண நாள் 1099 | நண்பகல் 13:10

இன்று மூடியைத் திறந்து முகர்ந்தேன். அடிவயிறு வரை இறங்கியது. அதே குளம், அதே தெற்குக் காற்று, சன்னல் கொக்கியின் துரு கையில் படுவதுபோல இருந்தது. கண்ணை மூடினால் தாணு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டை இஸ்திரி போடுகிறார். உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பேராசை வந்தது. அவருக்கும் ஒரு மூச்சு கொடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குப்பியின் மூடியை எதிரில் தளர்த்தினேன். கையிலிருந்த கரண்டி நின்றது. தலையைத் தூக்கினார். முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன், பொய்யில்லை.

"காத்து தெக்க இருந்து அடிக்கு. சன்னல அடைங்கம்மா, குழலுக்கு இந்த வாடை ஆகாது."

சொல்லி முடித்ததும் அவருக்கு மறுபடி தெரிந்தது, குழல் இல்லை என்று. அதுவரை அவர் அழுதிருக்கவில்லை. இறந்தது மனைவி என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார். அந்த ஒரு மூச்சில் மனைவி முழுசாக ஞாபகம் வந்துவிட்டாள், சிரிப்பு, சண்டை, எல்லாம். இழந்தது எது என்று இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. தட்டை ஒதுக்கிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதார்.

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். தொடவில்லை. மனைவியை இழந்தவரை முன்பின் தெரியாத பெண் தொட்டால் அவர் கூசிப்போவார். என் புருஷன் எனக்காக அழுகிறார், நான் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறேன். எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு காட்சி வாய்க்கக் கூடாது.

குப்பியை இறுக்கி மூடிவிட்டேன்.

பயண நாள் 1102 | மாலை 18:00 | காவல் மாற்றம்

காற்றில் நாங்கள் மூச்சாக விட்ட கரிவளியின் அளவு மஞ்சள் கோட்டைத் தொட்டுவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது. உறக்கக்கூடு தயார்.

குப்பியைக் கூட்டின் தலைமாட்டில் பொருத்தியிருக்கிறேன். அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'எழுப்பும்போது இதை மட்டும் திறக்கவும். வேறு வாசனை கூடாது.' தாணுவிடம் வாயாலும் சொன்னேன். நாறும், குமட்டும், ஆனாலும் இதைத்தான் திறக்க வேண்டும், என் உயிர் இதில் இருக்கிறது என்றேன். வாக்குக் கேட்டேன். சரி என்றார். தாணு சொன்ன சொல் தவறியதில்லை.

பதிவை அழித்துவிடலாமா என்று ஆயிரம் தடவை கை போனது. ஜமால் சொன்னது நினைவுக்கு வந்தது. அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு நாள்தான். அது என் சாவு நாள் என்றாலும் அதை நான் பிடுங்க மாட்டேன்.

கடைசியாக முன்கூடத்து வழியே வந்தேன். படத்தில் என் மாலை கொஞ்சம் சரிந்திருந்தது. நேராக்கிவிட்டு வந்தேன்.

பயமாக இருக்கிறது. தாணு, இதை நீங்கள் படித்தால், குப்பியைத் திறங்கள். அவ்வளவுதான்.

---

இரண்டாம் காவல்: தாணுமூர்த்தி

பயண நாள் 1130 | காலை 06:00

காற்று சரி. தண்ணீர் சரி. போக்கு சரி. உறங்குபவர் ஒருவர்.

முந்தைய குறிப்புகளைப் படிக்கத் தொடங்கி, சில பக்கங்களில் நிறுத்திவிட்டேன். அந்த அம்மா என் வீட்டுக்காரியின் பெயரிலேயே எழுதியிருக்கிறார். எந்தத் துயரம் அவரை இப்படி ஆக்கியதோ தெரியவில்லை. அடுத்தவர் மனம் கலங்கி எழுதியதைப் படிப்பது முறையாகாது. பூட்டி வைத்துவிட்டேன்.

குழலின் படத்துக்குத் தினமும் மணம் வைக்கிறேன். பெட்டியில் எங்கள் வீட்டுப் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது. ஊதுபத்தி, பன்னீர். அதை விட்டால் வீடு வீடாக இருக்கிறது.

பயண நாள் 1764 | காலை 06:00

எல்லாம் சரி. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. குழல் பார்த்தால் கேலி செய்வாள்.

பயண நாள் 2189 | மாலை 15:20

சனிக்கோளின் வளையம் சன்னலில் தெரிகிறது. நாளை மறுநாள் நிலவின் சுற்றுப்பாதையில் சேர்கிறோம். அந்த அம்மாவை எழுப்பும் வேளை.

அவர் விட்டுச்சென்ற குப்பியைப் பரிசோதித்தேன். மூடியைத் தளர்த்தியதுமே குமட்டியது. இத்தனை வருஷத்தில் உள்ளே எல்லாம் கெட்டு அழுகிவிட்டது. நாறும் என்று சொல்லியிருந்தார், ஆனால் இவ்வளவு நாறும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். வாக்குக் கொடுத்தவன் நான். நெடுநேரம் யோசித்தேன். துக்கத்துக்கு வந்து, கூடமாட நின்று, ஏணி பிடித்து, தண்ணீர் எடுத்துக் கொடுத்த பெண். அவர் கண் விழிக்கும்போது முகத்தில் சாக்கடையை ஊற்றுவதா? என் வீட்டில் அப்படி ஒரு விருந்தாளியை நடத்தியதில்லை.

குப்பியை அகற்றிவிட்டேன். கூட்டையும் அறையையும் நன்றாகக் கழுவினேன். குழலுக்கு நான் தினமும் வைக்கும் மணத்தையே அவருக்கும் வைக்கப்போகிறேன். அதைவிட மரியாதையான வாசனை இந்தக் கப்பலில் இல்லை.

---

பயண நாள் 2190

நாள் தாளின் தலையிலேயே அச்சாகியிருக்கிறது, நேரம் பார்க்கவில்லை. எங்கே போனாலும் எதையாவது எழுதிவிட்டுப் போவது என் கைப்பழக்கம்போல் இருக்கிறது. பேனாவைத் தேடாமலே எடுத்துவிட்டேன்.

வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். கூட்டம் இல்லை, ஆகவே எடுத்துவிட்டார்கள் என்று தெரிகிறது. நான் வரத் தாமதம். எப்படி வந்தேன் என்று சரியாக நினைவில்லை, பஸ்ஸில் தூங்கியிருப்பேன்.

இறந்த பெண்ணின் படம் சுவரில் இருக்கிறது. கீழே சின்ன மஞ்சள் விளக்கு. இடுப்பு வரை முடி, சின்ன வயது, வாயாடியாக இருந்திருப்பாள் என்று முகம் சொல்கிறது. எந்த வழியில் எனக்கு உறவு என்று கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

வீட்டுக்காரர் நரைத்த மனிதர். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராக, படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவளுக்குக் கொளத்து நாத்தம் ஆகாது."

எனக்கும் ஆகாது, எங்கள் வீடும் குளத்துக்குப் பின்பக்கம்தான் என்றேன். தலையை ஆட்டினார். அந்தப் பக்கத்து மனிதராக இருக்கும். நல்ல மனிதர். அவரை விட்டு எழுந்திருக்க ஏனோ மனசு வரவில்லை. ஆனாலும் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? தாணு வீட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார். சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார், அந்தப் பழக்கம் அவரிடம் உண்டு. போனதும் முதலில் குளிக்க வேண்டும்.

இவர் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். எழுப்பவில்லை. துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும்.

வாசலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். இரட்டைக் கதவு. முதல் கதவைத் திறந்தால் ஒரு சின்ன அறை, தடித்த வெள்ளை உடுப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. அதற்கு அடுத்தது வெளிக்கதவு. சிவப்பு விளக்கு எரிகிறது, எண் கேட்கிறது. எண் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணாடி வழியே பார்த்தேன், வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

உள்ளே பத்தி வாசனையில் மூச்சு முட்டுகிறது. வெளியே போனால் நல்ல காற்று வரும்.

செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. பரவாயில்லை, வீடு பக்கம்தான், வெறுங்காலோடு நடந்துவிடுவேன்.